கண்ணால் கண்ட உப்புக்காரர்

ஆவுடைபுரம் மேட்டுத் தெருவில் உப்பு கை மாறாது. கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை மூளும் என்று அந்தத் தெருவில் பிறந்தவர்களும் வாழ வந்தவர்களும் ஒன்றுபோல நம்பினார்கள், நம்பியதோடு நிற்காமல் உப்புப் போடுகிறவரின் முகத்தைப் பார்ப்பதுகூட ஆகாது என்று ஒரு படி மேலேயும் போனார்கள், ஆகவே வெள்ளிக்கிழமை விடியும்போது ரப்பர் ஹாரன் சத்தம் தெருமுனையில் கேட்டதும் பெண்கள் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்கள், உப்புக்காரர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தி, சாக்கிலிருந்து அள்ளி, ஜாடியின் குறையை நிரப்பிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். குறையைத்தான் நிரப்புவார். ஜாடி காலியாகும்வரை விட்டுவைப்பது வீட்டுக்கு ஆகாது என்பதால் எல்லா ஜாடியும் எப்போதும் முக்கால்வாசி நிறைந்தே இருக்கும். சில வீடுகளில் ஹாரனுக்குக்கூடக் காத்திருப்பதில்லை, வாசல் தெளிக்கும்போதே ஜாடியை வெளியே வைத்துவிட்டு, கோலம் போட்டு முடித்ததும் உள்ளே எடுத்துப்போவார்கள்.

அந்த உப்புக்காரர் தவசிமுத்து. உப்பளத்தை ஒட்டிய, உப்பு விஷயத்தில் இதே நம்பிக்கையுள்ள வடக்குப் பண்ணை என்ற ஊரிலிருந்து வருகிறவர், அதிகம் பேசாதவர், ஏதாவது கேட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போகிறவர். இத்தனை வருஷமாக அந்தத் தெருவுக்கு வந்துபோகிறார், ஆனாலும் அவர் மூக்கு எடுப்பானதா சப்பையா என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. அதை ஒரு குறையாக அவரும் நினைக்கவில்லை, அவர்களும் நினைக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை தவசிமுத்துவுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது, எழுந்து உட்காரவும் முடியவில்லை. அவருடைய மனைவி வெயிலாச்சி பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். அன்றைக்கு மேட்டுத் தெருவில் ஹாரன் கேட்காமலே ஜாடிகள் வழக்கம்போல வாசலுக்கு வந்தன, வழக்கம்போல உள்ளே போயின, தூக்கிப் பார்த்தவர்களுக்குக் கனம் வழக்கம்போலவே இருந்தது, ஆகவே உப்புக்காரர் வரவில்லை என்பது எந்த வீட்டுக்கும் தெரியவில்லை.

அன்று காலையில்தான் மாடிவீட்டு அனந்தப்பனின் வெள்ளிப் பன்னீர்ச் செம்பு காணாமல் போனது. தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் மணவறைக்கு முன்னால் நிற்பது அந்தச் செம்புதான், இரவல் வாங்காத வீடு கிடையாது, ஆகவே ஒரு வீட்டின் பொருள் போனதாக யாருக்கும் தோன்றவில்லை, தெருவின் மானமே போனதாகத் தோன்றியது. அது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ள இப்போது யாரும் மெனக்கெடுவதுமில்லை. விடியக்காலையில் யார் வந்தது என்று அனந்தப்பன் கேட்டதற்கு, வெள்ளிக்கிழமை விடியக்காலையில் வேறு யார் வருவார்கள், உப்புக்காரர்தான் வந்தார் என்று எதிர்வீட்டுக் கோமதியக்கா சொன்னாள். பார்த்தியா என்றார்கள். பார்க்காமலா, கண்ணால் பார்த்தேன் என்றாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், அந்தத் தெருவில் யாரும் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவர்களாக இருந்திருந்தால் எங்காவது ஓரிடத்தில் தடுமாறியிருப்பார்கள். ஹாரன் சத்தம் கேட்டது என்றும் மாடிவீட்டு கேட்டைத் திறந்துகொண்டு அவர் வெளியே வந்தார் என்றும் கோமதியக்கா சொன்னாள், மாடிவீட்டில் ஜாடியை கேட்டுக்கு உள்ளே வைப்பதுதான் வழக்கம் என்பதால் அது வாராவாரம் நடப்பது. இடுப்பில் நீலக் கட்டம் போட்ட சாரம் கட்டியிருந்தார் என்று இஸ்திரி வண்டிக்கார முப்பிடாதி சொன்னான், துணி விஷயத்தில் அவன் சொல்லை யார் மறுப்பது. சாக்கு ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது என்றார் ஒருவர், இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார் என்றாள் ஒருத்தி, குனிந்த தலை நிமிரவில்லை என்றும் என்றைக்குமில்லாத அவசரம் என்றும் இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். ஏட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பொருள் கிடைக்கவில்லை, பூட்டு உடையவில்லை, தடயம் என்று ஒரு துரும்பும் இல்லை, ஆனால் இத்தனை கண்கள் ஒரே மாதிரி சொல்லும்போது தடயம் எதற்கு என்று எஸ்.ஐ. சொல்லிவிட்டார். காய்ச்சல் விட்டு எழுந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த தவசிமுத்துவை வந்து கூட்டிப்போனார்கள்.

"நான் எடுக்கலை" என்று அவர் ஸ்டேஷனில் சொன்னார். அதற்குப் பிறகு கேட்ட எல்லாக் கேள்விக்கும் அதையேதான் சொன்னார், சொல்லச் சொல்ல அந்தச் சொற்கள் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல அவர் காதிலேயே விழுந்தன, அதனால் கிளைச்சிறைக்குக் கொண்டுபோவதற்குள் அதைச் சொல்வதையும் விட்டுவிட்டார்.

வாக்குமூலங்கள் எழுதி முடித்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, தவசிமுத்து கிளைச்சிறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அதே நேரத்தில், மேட்டுத் தெருவின் முனையில் ரப்பர் ஹாரன் கேட்டது. பெண்கள் ஜாடியை வைத்தார்கள், திரும்பி நின்றார்கள். இஸ்திரி வண்டியிலிருந்து முப்பிடாதி எட்டிப் பார்த்தான். நீலக் கட்டம் போட்ட சாரம், ஒரு பக்கம் புடைத்த சாக்கு, சாய்ந்து சாய்ந்து போகிற இடது கால், குனிந்த தலை. முப்பிடாதி கரியை விசிறிவிட்டுவிட்டு அடுத்த சட்டையை எடுத்துப் போட்டான். நான் சொன்ன சாரம்தானே என்று மத்தியானம் டீக்கடையில் சொல்லிக்கொண்டான், அவ்வளவுதான்.

பார்த்தவர்கள் சொன்னது எதுவோ அதெல்லாம் அவனிடம் இருந்தது, சொல்லாதது எதுவும் இல்லை. அவசரம் என்று சொல்லியிருந்ததால் அவன் எப்போதும் அவசரத்திலேயே இருந்தான், மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அதே அவசரம். ஹாரனைப் பற்றிச் சொல்லியிருந்ததால் ஹாரன் ஒலித்தது, சைக்கிள் செயினைப் பற்றி யாரும் சொல்லாததால் செயின் சத்தமில்லாமல் சுற்றியது. அவன் குரலைப் பற்றி வாக்குமூலம் எதிலும் ஒரு வரி இல்லை, ஆகவே அவனுக்குக் குரல் இல்லை. தகவல் போய் ஏட்டு வந்து பார்த்தார், தாள்களை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்ததில் அவருக்குத் திருப்தி. பிடிக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, குற்றம் சாட்டப்பட்ட எதிரி ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது இன்னொரு தடவை எப்படிப் பிடிப்பது, ஒரு குற்றத்துக்கு ஒரு எதிரிதான் என்று விளக்கிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

தெருவுக்கு அவன் பழகிப்போனான். முதல் வாரம் சாட்சி உப்புக்காரன் என்றார்கள், பிறகு சாட்சிக்காரர் என்று மரியாதையானது, கார்த்திகை முடிவதற்குள் வெறும் உப்புக்காரர் ஆகிவிட்டார். பிள்ளைகள் இடது காலைச் சாய்த்து நடந்து விளையாடினார்கள். ஒரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை மஞ்சள் தடவி அவர் ஹேண்டில்பாரில் செருகி அனுப்பினார்கள். களவு செய்ததாகத் தாங்களே சாட்சி சொன்ன ஆளிடம் உப்பு வாங்கலாமா என்று ஒருத்தி மட்டும் கேட்டாள், ஜாடி காலியாகலாமா என்று மற்றவர்கள் திருப்பிக் கேட்டதும் அவளும் ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் போட்ட உப்பு வெள்ளையாக இருந்தது, கையில் நறநறவென்று இருந்தது, ஆனால் கரிக்கவில்லை. ஒரு பிடிக்கு இரண்டு பிடியாகப் போட்டுப் பார்த்தார்கள், பிறகு புளியைக் குறை சொன்னார்கள், குழாய்த் தண்ணீரைக் குறை சொன்னார்கள், நாக்கில்தான் கோளாறு என்று டாக்டரிடம் போய் சத்து மாத்திரை வாங்கித் தின்றார்கள். எலுமிச்சை ஊறுகாய் பூசணம் பிடித்தது, கருவாடு நாறியது, பருவம் சரியில்லை என்றார்கள். தை பிறந்தபோது யாரும் எதையும் குறை சொல்லவில்லை, தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார்கள். அந்த மாதம் தெருவில் ஒரு சாவு விழுந்தது. நல்ல மனிதர், நன்றாக வாழ்ந்தவர், ஆனாலும் அழ உட்கார்ந்தவர்களுக்கு அழுகை ஒட்டவில்லை, கண்ணீர் வழிந்து வாயோரத்துக்கு வந்தபோது அது வெறும் தண்ணீராக இருந்தது, சீக்கிரமே எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

தவசிமுத்து ஜாமீனில் வந்தார். சாட்சிகளைக் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக மேட்டுத் தெருவுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஒரு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் தெருமுனை பஸ் நிறுத்தத்தில் நின்று அவனைப் பார்த்தார். தன்னுடைய தெருவில், தன்னுடைய நேரத்தில், தான் என்றைக்கும் வாங்கியிராத ஒரு சாரத்தைக் கட்டிக்கொண்டு அவன் வாசல் வாசலாகப் போய்க்கொண்டிருந்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார், வரவில்லை. பின்சக்கரத்தில் காற்றுக் குறைவாக இருப்பதுபோலத் தெரிந்தது, அதைச் சொல்லலாமா என்று நினைத்தார், அதற்குள் பஸ் வந்துவிட்டது.

வெயிலாச்சி அப்படிப்பட்டவள் அல்ல. ஆரம்பத்தில் அவள் ஸ்டேஷன் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள், அனந்தப்பன் வீட்டு கேட்டைப் பிடித்து உலுக்கினாள், ஈரத்துணி போட்ட என் கைதான் சாட்சி என்று தவசிமுத்துவுக்காக வாதாடிய வக்கீல் ரெஜினாவின் மேஜையில் ஓங்கி அடித்தாள், மேஜைக் கண்ணாடி கீறியது. ஆனால் போகிற இடமெல்லாம், ஏம்மா, இத்தனை பேர் கண்ணுமா பொய் சொல்லும் என்று கேட்டார்கள், கேட்டவர்கள் கெட்டவர்களும் அல்ல. கடைசியில் அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவது என்று ஒரு வெள்ளிக்கிழமை தானே மேட்டுத் தெருவுக்குப் போனாள். உப்புக்காரர் வீட்டு ஜாடியிலேயே உப்பு அடியில் தட்டிப்போயிருந்தது, தவசிமுத்து தொழிலுக்குப் போகாததால் உப்பளத்திலிருந்து வீட்டுக்கு உப்பு வரவில்லை, ஆகவே போவதற்கு ஒரு சாக்காக ஜாடியையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

ஹாரன் கேட்டது. வெயிலாச்சி ஒரு பூட்டிக் கிடந்த வீட்டுப் படியில் ஜாடியை வைத்தாள். வைத்த கையோடு முகம் தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது, பிறந்ததிலிருந்து பழகிய கழுத்து, அதை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது ஜாடி நிறைந்திருந்தது, அவன் முதுகு அடுத்த வாசலில் இருந்தது. அது தவசிமுத்துவின் முதுகாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது.

அந்த உப்பைத்தான் அதற்குப் பிறகு வீட்டில் சமையலுக்குப் போட்டாள். குழம்பு எதற்கும் ருசி இல்லாததைத் தவசிமுத்து ஜெயில் சாப்பாட்டில் நாக்கு கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார். வெயிலாச்சி ஒன்றும் நினைக்கவில்லை. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, யாரிடமோ விலை கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இத்தன பேரு ஒங்களப் பாத்தேம்னு சொல்லுதாவ. அப்பம் அன்னைக்கு நான் ஈரத்துணி போட்டது யாருக்கு?"

தவசிமுத்து யோசித்துப் பார்த்தார். காய்ச்சலில் கூரை சுற்றியது நினைவிருந்தது, துணியின் குளிர்ச்சி நினைவிருந்தது, ஆனால் அப்படிப் படுத்திருந்தவர் தான்தானா என்று அடித்துச் சொல்ல அவருக்குள்ளே யாரும் இல்லை. அவர் எழுந்துபோய் வாசலில் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து வெயிலாச்சி அவருக்குச் சோற்றுத் தட்டை வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தாள், வேண்டுமென்று செய்யவில்லை.

வழக்கு பங்குனியில் விசாரணைக்கு வந்தது. பொருள் இல்லாத வழக்கு, சாட்சிகளின் வாய்ச்சொல்லில்தான் நிற்கிறது, உங்கள் மனைவி வந்து நீங்கள் வீட்டில் இருந்தீர்கள் என்று உறுதியாகச் சொன்னால் போதும், இல்லையென்றால் ஜெயில்தான் என்று வக்கீல் ரெஜினா தவசிமுத்துவிடம் சொல்லியிருந்தார். தவசிமுத்து தலையை ஆட்டினார். கோர்ட்டுக்கு அவரைத் தவிர இன்னொருவரும் வந்திருந்தார், வளாகத்து வேப்பமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, நீலக் கட்டம் போட்ட சாரத்தோடு, எங்கோ போக வேண்டிய அவசரத்தோடு, குனிந்த தலையோடு நின்றுகொண்டிருந்தார். சாட்சிகளைக் கூப்பிடும்போது அவரும் வராமல் எப்படி என்று டவாலி சொன்னார், நிற்க நிழல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.

சாட்சிக் கூண்டில் ஏறிய கோமதியக்கா சொன்னதையே சொன்னாள், ஒரு சொல் பிசகவில்லை. அந்த உப்புக்காரர் இந்தக் கோர்ட்டில் இருக்கிறாரா, அடையாளம் காட்டுங்கள் என்றார் அரசு வக்கீல். கோமதியக்கா எதிரிக் கூண்டைப் பார்த்தாள். அங்கே எடுப்பான மூக்கும் பிதுங்கிய கண்களுமாக, வெள்ளை வேட்டி கட்டிய, முன்பின் பார்த்திராத ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். அவள் கண் ஜன்னல் வழியாக வெளியே போனது.

"அந்தா வேப்பமரத்தடியில நிக்காருல்லா, அவருதான்" என்றாள்.

நடுவர் எழுந்துவந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பப்போய் உட்கார்ந்தார். கூண்டில் நிற்கிறவரின் முகத்தை முன்பு பார்த்திருக்கிறீர்களா என்று வக்கீல் ரெஜினா ஒரே ஒரு கேள்வி கேட்டார். உப்புப் போடுகிறவர் முகத்தை யாராவது பார்ப்பார்களா, பார்க்கக் கூடாதில்லையா என்று கோமதியக்கா அவரையே திருப்பிக் கேட்டாள், இதுகூடத் தெரியாத பெண் எப்படி வக்கீலானாள் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மற்ற சாட்சிகளும் வந்தார்கள், மற்றவர்களும் ஜன்னலைத்தான் காட்டினார்கள்.

பிறகு வெயிலாச்சியைக் கூப்பிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை உங்கள் கணவர் எங்கே இருந்தார் என்று வக்கீல் ரெஜினா கேட்டார். தவசிமுத்து கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார், வெயிலாச்சி தரையைப் பார்த்தாள்.

"காய்ச்சல்ல ஒருத்தரு படுத்திருந்தாரு. நான் துணி போட்டேன்" என்றாள்.

அவர் யார் என்று மறுபடி கேட்டார்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூண்டிலிருந்து இறங்கினாள். தவசிமுத்து கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

சாட்சிகள் காட்டியவர் வேறு, கூண்டில் நிற்கிறவர் வேறு என்பதால், சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்வதாக நடுவர் தீர்ப்புப் படித்தார். பலனைத்தான் கோர்ட் கொடுத்தது, சந்தேகத்தைத் தவசிமுத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள், வடக்குப் பண்ணை வரும்வரை வெயிலாச்சி ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தவசிமுத்து உப்பளத்தில் போய் ஒரு சாக்கு அள்ளி சைக்கிளில் கட்டிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போனார். போகக் கூடாது என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. ஹாரனை அடித்துக்கொண்டு அவர் ஒரு முனையில் நுழைந்தபோது மற்றவர் இன்னொரு முனையில் வெளியே போய்க்கொண்டிருந்தார். ஜாடிகள் எல்லாம் விளிம்புவரை நிறைந்திருந்தன, ஒரு பிடி போடக்கூட எதிலும் இடமில்லை. முப்பிடாதி மட்டும் பாவம் பார்த்து சாக்கிலிருந்து ஒரு கல் எடுத்து வாயில் போட்டான், உடனே முகத்தைச் சுளித்துத் துப்பினான்.

"என்னண்ணே, இப்படிக் கரிக்கி" என்றான். யாரைப் பார்த்தாலும் அண்ணே என்பவன்தான், ஆளை அடையாளம் தெரிந்து சொல்லவில்லை.

தவசிமுத்து முழுச் சாக்கோடு திரும்பி வந்து அதை அடுக்களை வாசலில் இறக்கினார். வெயிலாச்சி அடுப்பில் புளிக்குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள், ஜாடியை எடுக்கக் கை நீட்டியவள் அது காலியாகிவிட்டதைப் பார்த்தாள். எந்த வீட்டிலும் நடக்கக் கூடாதது நடந்திருந்தது, ஆனால் அவளுக்குப் பதறவில்லை. திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டினாள்.

"உப்பு" என்றாள்.

"ஜாடியக் கீழ வையி, போடுதேன்."

"கொதிக்கி. கையில தாங்க."

"கையில குடுத்தா சண்டை வரும்ளா."

"வரட்டும்" என்றாள் வெயிலாச்சி.

அவர் ஒரு பிடி அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தார். வெங்காயம் நறுக்கும்போது பட்ட வெட்டில் உப்பு ஏறி எரிந்தது. அவள் கையை உதறவில்லை, அதை வாய்க்குக் கொண்டுபோய் நாக்கால் தொட்டாள், சுருக்கென்று கரித்தது, பிறகு திரும்பி, கோர்ட்டிலும் பார்க்காத, பஸ்ஸிலும் பார்க்காத அவர் முகத்தை, எடுப்பான மூக்கையும் பிதுங்கிய கண்களையும், நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"சொல்லுங்க. அன்னைக்குக் காய்ச்சல்ல கெடந்தது நீங்கதானா?"

"நான்தான்" என்றார் தவசிமுத்து.

"அப்பம் அன்னைக்கு நான் கேக்கும்போது ஏன் வாயைத் தொறக்கல?"

"அன்னைக்கு நீ வெங்காயத்தப் பாத்துல்லா கேட்ட. இன்னைக்கித்தான் என் மூஞ்சியப் பாத்துக் கேக்க."

வெயிலாச்சி கையிலிருந்த மிச்ச உப்பை அப்படியே அவர் நெஞ்சில் விட்டெறிந்தாள். பார்க்காட்டி சொல்ல மாட்டீகளோ, வாயில என்ன கொழுக்கட்டையா என்று அவள் கத்தினாள், கோர்ட்டில் வைத்து ஒருத்தரு என்று சொன்னாயே, அந்த ஒருத்தரு உன் அப்பனா என்று அவரும் கத்தினார், அவர் கத்தி அந்த வீட்டுச் சுவர்கூடக் கேட்டதில்லை. அவள் அழுதாள், கண்ணீர் வாயோரத்தில் கரித்தது, கரித்ததும் இன்னும் ஓங்கி அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள், அவர் அழுதுகொண்டே பதில் சொன்னார். குழம்பு பொங்கி அடுப்பை அணைத்தது, இருவரும் கவனிக்கவில்லை. சுள்ளி பொறுக்கப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று காது கொடுத்துக் கேட்டாள்.

"உப்பைக் கையில வாங்கிட்டா போல" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.